தண்ணி குறையத்தான் செய்யுது

வாங்க மேடம், இப்படி ஃபேனுக்கு நேரா இருங்க. செருப்பு கெடக்கட்டும், கழட்ட வேண்டாம், கடைதான இது. கீழ எண்ணெய்ப் பிசுக்கு, பாத்து கால வைங்க. குளிக்க வாற ஆளுகளுக்கு எண்ணெ தேச்சு மசாஜ் பண்ணுத கடை, தரை அப்படித்தான் இருக்கும். அண்ணாச்சி, இங்க ரெண்டு டீ! ஒண்ணுல சீனி கம்மி!

நீங்க வாறதா சங்கத்துக்குப் போன் வந்துச்சு. வெள்ளம் வந்த அன்னைக்கு ஜனங்க என்ன செஞ்சாங்கன்னு கேட்டு எழுதுத ஆராய்ச்சியாம்லா. நல்லது, எழுதணும். ஆனா நேத்தே வந்துட்டிய. நேரா ஆலங்குறிச்சிக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு, இன்னைக்குத்தான் என்கிட்ட வாறிய. தப்புன்னு சொல்லல மேடம். ஆத்தங்கரைக் கடைக்காரங்க சங்கத்துக்கு நான் தலைவர், மந்திரமூர்த்தின்னு பஸ் ஸ்டாண்டுல எறங்கிக் கேட்டாலே கையக் காட்டுவாங்க. முறைன்னு பாத்தா மொதல்ல இங்க வந்திருக்கணும். சரி, விடுங்க.

என்ன சொன்னா கோமு? என் தங்கச்சி என்ன சொன்னா?

நான் பேசி முடிச்ச பெறகு சொல்லுதியளா? மத்தவங்க பேசினதச் சொல்லக் கூடாதுன்னா நான் கேக்க மாட்டேன். ஓ, அவளே எங்க அண்ணன்ட்ட சொல்லிருங்கன்னாளா? அப்போ சரி. அப்போ என் மேல இன்னும் ஒரு இது இருக்கு. இருக்கத்தான செய்யும், கூடப் பொறந்தவ.

எதுக்கு இப்படிக் கேக்கேன்னா, அவ மக உலகேஸ்வரி பெரிய மனுஷி ஆயிட்டா. உலகுன்னு கூப்பிடுவோம். வாற வெள்ளிக்கிழமை சடங்கு. தாய்மாமன் நான் ஒருத்தன்தான், வேற கெடையாது. புள்ள வயசுக்கு வந்தா மொத சேதி மாமன் வீட்டுக்குத்தான வரணும்? எனக்கு பால்காரன் சொல்லித் தெரியுது மேடம். மானம் போச்சு. சொல்லலன்னாலும் நான் விட்டுக் குடுக்கல. பட்டுப்பாவாடை எடுத்தாச்சு, வெள்ளிக் கொலுசு எடுத்தாச்சு, மாலைக்கு தென்காசியில சொல்லி வச்சாச்சு. அந்தா, அந்த மஞ்சப் பையில பாவாடை இருக்கு பாருங்க, கலர் அரக்கு. அவளுக்கு எடுப்பா இருக்கும். அவ அம்மா என்னைய வாசப்படி ஏத்துவாளா மாட்டாளாங்கதுதான் கேள்வி. அவ வீட்டுக்காரன் செத்ததுல இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நீங்க எழுதுத பேப்பர்ல என் மேல தப்பு இல்லன்னு வந்துட்டா அவளும் பேசித்தான ஆகணும்?

சரி, உங்க விஷயத்துக்கு வாறேன். மெஷின்ல இருந்தே ஆரம்பிக்கேன்.

வெள்ளம் வந்த அந்தச் சாரல் சீசனுக்கு முன்னாடி ஒரு சார் வந்தாரு, தில்லைநாயகம்னு. மெட்ராஸ் பக்கம் ஏதோ காலேஜ். நல்ல மனுஷன், குத்தம் சொல்ல மாட்டேன். கோம்பையாறு எப்படிப்பட்ட ஆறுன்னு படிக்க வந்தாரு. நாங்க சிரிச்சோம். பொறந்ததுல இருந்து இந்த ஆத்துலயே முங்கி எந்திரிக்கோம், இதுல படிக்க என்ன இருக்கு? அவரு கேக்கல. மேல ஊசிமலைக்கு ஏறி, ஆத்துக்குக் குறுக்க ஒரு கம்பத்தக் கட்டி, அதுல ஒரு பொட்டியத் தொங்க விட்டாரு. அந்தப் பொட்டி மேல இருந்தபடியே தண்ணி எவ்வளவு ஒசரத்துல இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கும். சடார்னு ஏறினா இங்க நம்ம மஞ்சப்பாறைத் துறையில சைரன் கத்தும். மேல ஏறின தண்ணி இங்க வந்து சேருததுக்குள்ள ஜனங்க கரையேறிறலாம். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டு எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. டிபன் போட்டாங்க, பூரி. அதுலதான் அந்தப் பேச்சச் சொன்னாரு. "தண்ணி ஏறினா மட்டும் இல்ல, மலையில மழை அடிக்கும்போது தண்ணி திடீர்னு எறங்கினாலும் சைரன் கத்தும். நீட்டமா, விடாம கத்தும். அது ரொம்ப மோசம். மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு ஆத்த அடைச்சிட்டுன்னு அர்த்தம். அந்த அடைப்பு ஒடைஞ்சா மொத்தமா வரும். எறங்கினா ஓடுங்க." இப்படிச் சொல்லுதாரு மனுஷன். ஏறினாலும் கத்துமாம், எறங்கினாலும் கத்துமாம். "சார், எங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு, சீக்கிரம் வந்தாலும் கத்தும், லேட்டா வந்தாலும் கத்தும்"னு நான் சொன்னேன். மண்டபமே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. சிரிக்காதவன் ஒருத்தன்தான், என் மாப்ள.

குத்தாலிங்கம். கோமு வீட்டுக்காரன். துறையில நின்னு குளிக்க வாறவங்களப் பாத்துக்கிடுத வேலை அவனுக்கு, நான்தான் சங்கம் மூலமாச் சொல்லிப் போட்டுக் குடுத்தேன். காக்கிச் சட்டையும் கழுத்துல விசிலும், ஏதோ கலெக்டர் மாதிரி வளைய வருவான். கோமு படிக்கட்டு ஓரமா பஜ்ஜி போடுவா. அவன் சார் சொன்ன ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருந்தான். எதையும் நம்பிருவான் மேடம். பாவம்.

சீசன் ஆரம்பிச்சுது. சைரனும் ஆரம்பிச்சுது. மொதத் தடவ கத்தும்போது நானே மைக்கப் புடிச்சேன். காணாமப் போன பிள்ளையளக் கூப்பிட சங்கத்துல மைக் வச்சிருக்கோம், அதுல "எல்லாரும் மேல ஏறுங்க"ன்னு கத்தினேன். இதையும் எழுதிக்கங்க. மொதத் தடவ ஏத்தினவன் நான்தான். ஜனங்க ஈரத்துணியோட விழுந்தடிச்சு ஏறி வந்து, பாதிப் பேரு அப்படியே வேனுல ஏறிப் போயிட்டாங்க. தண்ணி வந்துச்சா? கணுக்கால் அளவு கூட ஏறல. அடுத்த தடவ கத்துச்சு, அதுவும் சும்மா. என்னன்னு பாத்தா, மேல பொட்டிக்குக் கீழ ஒரு யானை வந்து நின்னு குளிச்சிருக்கு! பொட்டிக்கு யானை முதுகும் தண்ணியும் ஒண்ணுதான போல. தண்ணி ஏறிட்டுன்னு இங்க கத்துது. சாரே மேல வச்ச கேமராவுல விழுந்த படத்தக் காட்டி, "மன்னிக்கணும், இத நாங்க யோசிக்கல, சரி பண்ணிருவோம்"னாரு. நாங்க என்ன செய்ய? எதுத்த கடை அண்ணாச்சி, வாங்க ஆளில்லாம அவிச்ச கடலைய அண்டாவோட கொட்டினாரு. சீசன் மூணு மாசந்தான் மேடம் எங்களுக்கு. வருஷம் பூரா சோறு அதுலதான்.

அதுக்குப் பெறகு சங்கத்துல கூடிப் பேசி ஒரு வழக்கம் வச்சிக்கிட்டோம். சைரன் கத்தினா ஒடனே யாரையும் வெரட்டக் கூடாது. மொதல்ல ஒரு ஆளு நடுப்படி வரைக்கும் எறங்கி தண்ணியப் பாக்கணும். தண்ணி கலங்கியிருக்கா, நொரை வருதா, செத்தை மெதந்து வருதா? வந்தா மைக்ல சொல்லணும். வரலன்னா பேசாம இருக்கணும். எங்க அப்பா, அவங்க அப்பா எல்லாம் அப்படித்தான் ஆத்தப் பாத்தாங்க. அந்த வழக்கம் வச்ச பெறகு சைரன் எத்தனையோ தடவ கத்திச்சு. நாங்க எறங்கிப் பாத்தோம், ஒண்ணும் இல்ல, பேசாம இருந்தோம். ஒரு தடவையாவது தப்பாச்சா? ஆகல. இத நல்லா அழுத்தி எழுதுங்க.

அந்த நாயித்துக்கிழம. இங்க சுள்ளுனு வெயிலு. மலைதான் கருத்துப் போயிக் கெடந்துச்சு. மலையில மழை, கீழ வெயிலு, சாரல்னா அப்படித்தான். கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், படிக்கட்டுல கால் வைக்க எடமில்ல. எனக்கு நாலு பெஞ்சுலயும் ஆளு படுத்திருக்கு, கையெல்லாம் எண்ணெய். மத்தியானச் சாப்பாட்டு நேரம் சைரன் கத்துச்சு. விட்டு விட்டு இல்ல. நீட்டமா, விடாம.

நான் வழக்கப்படி செஞ்சேன் மேடம். எண்ணெக் கையோட நானே நடுப்படிக்கு எறங்கினேன். கலங்கலா? இல்ல, கண்ணாடி மாதிரி தண்ணி. நொரையா? இல்ல. செத்தையா? ஒரு எலை கூட இல்ல. அது மட்டுமில்ல, தண்ணி குறையுது. என் கண்ணு முன்னாலயே குறையுது. சீசன்ல நான் பாத்தே இராத படியெல்லாம் பாசியோட வெளிய தெரியுது. நடுப்பாறை அடி வரைக்கும் காஞ்சு நிக்கி. ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம், பிள்ளையளத் தூக்கிக்கிட்டு நடுப்பாறைக்குப் போறாங்க, போட்டோ எடுக்காங்க, குழியில கெடந்த மீனப் புடிக்காங்க. நீங்களே சொல்லுங்க, வெள்ளம் வாற ஆறா அது?

சில பேரு சைரனுக்குப் பயந்து ஏற ஆரம்பிச்சாங்க. நான் போயி மைக்கப் புடிச்சேன். "யாரும் பயப்பட வேண்டாம், மெஷின் ரிப்பேரு, தண்ணி குறையத்தான் செய்யுது, நிம்மதியாக் குளிங்க"ன்னேன். ஏறினவங்க திரும்ப எறங்கினாங்க.

அப்போ இவன் ஊத ஆரம்பிச்சிட்டான். மாப்ள. கண்ணு ரெண்டும் பிதுங்க விசில ஊதுதான், கைய வீசி எல்லாரையும் மேல வரச் சொல்லுதான். நான் மைக்ல ஒண்ணு சொல்லுதேன், இவன் ஒண்ணு செய்யுதான், ஜனங்க யாரைக் கேக்கும்? கிட்டப் போயி, "எல மாப்ள, ஊதாத. சங்கத்துல பேசி வச்சது என்ன?"ன்னேன். "மச்சான், சார் சொன்னாருல்லா, எறங்கினா ஓடணும்னு. கையெடுத்துக் கும்பிடுதேன், மைக்ல சொல்லுங்க மச்சான்"ங்கான். எல்லாரு முன்னாலயும் என் கையப் புடிச்சு இழுக்கான். கோமு பஜ்ஜிச் சட்டிக்கிட்ட இருந்து பாத்துக்கிட்டு நிக்கா. எனக்கு எப்படி இருக்கும்? அவன் கழுத்துல கெடந்த விசில அப்படியே உருவி என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன்.

அடிக்கல மேடம். ஒரு வார்த்தை கெட்ட வார்த்தை சொல்லல. விசில வாங்கி வச்சேன், அவ்வளவுதான். பெரியவன் செய்யக் கூடாதா?

அவன் என்ன செஞ்சான்? ஒரு நிமிஷம் என்னையப் பாத்தான். பெறகு படியில எறங்கி ஓடினான். ஒவ்வொரு ஆளாப் போயி கையப் புடிச்சு இழுத்து ஏத்துதான். திட்டுதாங்க, தள்ளி விடுதாங்க, ஒருத்தன் கன்னத்துலயே ஒண்ணு வச்சான். கேக்காம இழுக்கான். அப்படியே நடுப்பாறை வரைக்கும் போயிட்டான். அங்க சாத்தூர்க்காரன் ஒருத்தன், ஸ்டீபன்னு பெறகு பேர் தெரிஞ்சுது, பெண்டாட்டி பிள்ளையளோட உக்காந்து புளியோதரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். அவங்கள எழுப்பி, பிள்ளைய ஒண்ண இடுப்புல வச்சு, அந்தாளையும் நெட்டித் தள்ளி, கரைக்கு ஏத்தி விட்டுட்டு இவன் திரும்பவும் பாறைக்குப் போனான். அங்க இன்னும் ஆளு நின்னுச்சு.

இதத்தான் நான் கேக்கேன் மேடம். எதுக்குத் திரும்பப் போகணும்? கரையில நின்னு கூப்பிட்டிருக்கலாம்லா? சைரன் சத்தத்துல கேக்காதுதான், தொண்டை எம்புட்டு தூரம் போகும்? ஆனாலும் கரையில நின்னு ஏதாவது செஞ்சிருக்கலாம். அவனா எடுத்த முடிவு அது. நான் போகச் சொல்லல. யாரும் சொல்லல.

பெறகு சத்தம் வந்துச்சு. மலையில இருந்து லாரி லாரியாக் கல்லக் கொட்டுத மாதிரி. தண்ணின்னு நெனைக்காதிய, தண்ணியாவா வந்துச்சு? சேறு. மரம் மரமா வேரோட வருது. நான் கண்ண மூடித் தெறந்தேன், நடுப்பாறை இல்ல. படிக்கட்டு இல்ல. கோமு கடை அடுப்போட போயிட்டு, அவள யாரோ முடியப் புடிச்சு மேல இழுத்திருக்காங்க. எத்தனை பேருன்னு பேப்பர்ல எல்லாம் போட்டாங்க, நான் என் வாயால சொல்ல மாட்டேன். மாப்ளய மறுநா தடுப்பணையில எடுத்தோம். காக்கிச் சட்டைய வச்சுத்தான் அடையாளம். நான்தான் தோள் குடுத்தேன், எல்லாச் செலவும் நான்தான் செஞ்சேன். மச்சானா நான் ஒரு கொறையும் வைக்கல. அழுதேன் மேடம். இந்தக் கை அவன் கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் குடுத்த கை. தனியா இருக்கும்போது இன்னைக்கும் அழுவேன்.

விசிலா? வீட்டுல இருக்கு. சட்டையத் தொவைக்கப் போட்ட எம்பொண்டாட்டி அத எடுத்து சாமி படத்துக்கிட்ட வச்சிருக்கா. டெய்லி பூ வேற வைக்கா. பொம்பளைக்குக் கிறுக்கு புடிச்சிட்டு.

தில்லைநாயகம் சாரு காரியத்துக்கு வந்தாரு. ஓரமா நின்னு சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. நான் போயி, "சார், ஒங்க மெஷின் யானைக்கெல்லாம் கத்தாம இருந்திருந்தா நாங்க நம்பியிருப்போம்லா"ன்னு கேட்டேன். "ஆமா மந்திரமூர்த்தி, அது எங்க தப்புதான்"னாரு. கேட்டுக்கிட்டியளா? பெரிய படிப்புப் படிச்சவரு, அவரே ஒத்துக்கிட்டாரு. அதுக்கு மேல என்ன வேணும்? அத மொதப் பக்கத்துல போடுங்க.

நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். டீ ஆறுது, குடிங்க. இப்போ சொல்லுங்க. கோமு என்ன சொன்னா?

என்னது? இன்னொரு தரம் சொல்லுங்க. அண்ணன் மைக்ல எல்லாரையும் மேல ஏறச் சொன்னாருன்னா சொன்னா?

கோமுவா சொன்னா?

விசில்? விசில் கயிறு அந்துபோயி ஆத்துல விழுந்துட்டுன்னு சொன்னாளா. அவ வாயாலயா.

கொஞ்சம் இருங்க மேடம். தண்ணி குடிச்சிக்கிடுதேன்.

பாத்தியளா? நான் சொன்னேன்லா, கூடப் பொறந்தவன்னு. அவ பாத்துக்கிட்டுத்தான நின்னா, அவளவிட யாருக்குத் தெரியும்? அந்த அவசரத்துல மைக்ல என்ன சொன்னோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஏறச் சொல்லியிருப்பேன். சொன்னேன். கடைசியில ஏறச் சொன்னேன், இப்போ ஞாபகம் வருது. மேடம், நான் மொதல்ல சொன்னதுல அந்த எடத்த மட்டும் அடிச்சிருங்க. விசில் விஷயத்தையும். அவ சொன்னதையே எழுதிருங்க. ரெண்டு பேரு ரெண்டு விதமாச் சொன்னா ஒங்க ஆராய்ச்சிக்குத்தான் கொழப்பம்.

இன்னும் என்ன? "அண்ணனுக்கு நான் செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு, இனி அவரு எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்"னாளா. அப்படியே சொன்னாளா? அப்படித்தான் மேடம் சொல்லுவா, ரோஷக்காரி. அண்ணனுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு நெனைக்கா. வேண்டாம்னு சொன்னா நான் விட்டுருவேனா? வெள்ளிக்கிழமை மொத ஆளா நான் போயி நிப்பேன். தாம்பாளம் பதினொண்ணா இருபத்தொண்ணான்னுதான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன், இருபத்தொண்ணே எடுத்திருதேன். நாயனத்துக்கும் சொல்லிருதேன். ஊரு பாக்கட்டும்.

ஏன் மேடம் எந்திரிச்சிட்டிய? டீ அப்படியே இருக்கு.

என்ன சொல்லுதிய?

சடங்கு நேத்தே முடிஞ்சிட்டா? நீங்க போயிருக்கும்போதேவா? சாப்பிட்டுட்டு வந்தியளா அங்க? வெள்ளிக்கிழமைன்னு எனக்குச் சொன்னாங்களே. பால்காரன்ட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே அவதானா?

மாமன் இல்லாம எப்படிச் சடங்கு நடக்கும்? புள்ளைக்கு மாலை யாரு போட்டா? சீர் யாரு வச்சா?

எந்த ஸ்டீபன்?

அந்தச் சாத்தூர்க்காரனா? பெண்டாட்டி பிள்ளையளோட வந்து நின்னானா? மாமன் எடத்துலயா?

அவன் எங்க ஆளுகளே இல்லியே மேடம். சொந்தமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்தப் பாறையில ஒக்காந்து புளியோதரை தின்னுக்கிட்டு இருந்தவன் மேடம் அவன்.